ஆடாமல் இருக்க நாலு ஸ்க்ரூ

கல்யாண வீடியோ எடிட் செய்வதுதான் என் பிழைப்பு. ஸ்டூடியோக்காரர்கள் மண்டபத்தில் எடுத்ததை அள்ளிக்கொண்டு வந்து என் கம்ப்யூட்டரில் கொட்டிவிட்டுப் போவார்கள். ஓசூரில் எங்கள் வாடகை வீட்டு முன்னறையில், பீரோவுக்கும் ஜன்னலுக்கும் நடுவே உட்கார்ந்து நான் வெட்டி ஒட்டுவேன். ஊரில் யார் யாரோ தாலி கட்டுவதை நான் பார்த்த அளவுக்கு ஐயர்கூடப் பார்த்திருக்க மாட்டார். அவருக்கு ஒரு கல்யாணம் ஒரு தடவைதான். எனக்கு அதே கல்யாணம் முன்னேயும் பின்னேயும் ஓடிக்கொண்டே இருக்கும். தூக்கத்தில்கூடக் கெட்டிமேளம் கேட்கும். சலித்துப்போன வேலை என்றுதான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன், அந்த அம்மா போன் செய்கிறவரைக்கும்.

உத்தனப்பள்ளிப் பக்கம் அவர் ஊர். ரோஜா பாலிஹவுஸில், அதாவது பிளாஸ்டிக் கூரை போட்ட தோட்டத்தில், பூ வெட்டுகிற வேலை. புருஷன் போய்ச் சேர்ந்து பல வருஷம். ஒரே மகளைப் படிக்கவைத்து, பெங்களூர்ப் பக்கம் மாப்பிள்ளை பார்த்து, ஓசூரில் மண்டபம் பிடித்துக் கல்யாணம் செய்துவைத்தார். அந்த வீடியோ என்னிடம் எடிட்டுக்கு வந்திருந்தது. ஸ்டூடியோவில் என் நம்பரை வாங்கி ஒரு நாள் கூப்பிட்டார்.

"கல்யாண வீடியோ உங்ககிட்டதான் இருக்குதாம்மா? எப்ப கண்ணு குடுப்ப?"

எல்லோரும் கேட்கிற கேள்விதானே என்று நானும் எல்லோருக்கும் சொல்கிற பதிலைச் சொன்னேன். "வேலை நடக்குதும்மா. முகூர்த்த சீசன். கொஞ்சம் பொறுங்க."

"பொறுக்கறன். ஆனா நான் பாக்கல கண்ணு. ஊரே பாத்துது, நான் மட்டும் பாக்கல."

எனக்குப் புரியவில்லை. பெற்றவள் எப்படிப் பார்க்காமல் இருப்பாள்? பிறகுதான் சொன்னார். அவர்கள் வீட்டு வழக்கத்தில் தாலி அறுத்தவள் முகூர்த்த நேரத்தில் மேடைப் பக்கம் வரக்கூடாதாம். பெரியப்பாவும் பெரியம்மாவும் தாரை வார்த்திருக்கிறார்கள். பெற்றவள் சாமான் ரூமில், அரிசி மூட்டைக்கும் வாழையிலைக் கட்டுக்கும் காவலாக உட்கார்ந்திருந்திருக்கிறாள். தன் பெண் கழுத்தில் தாலி ஏறுவதை அவர் காதால்தான் கேட்டார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "என்னம்மா அநியாயம் இது! பெத்தவங்க நீங்க. போயி முன்னாடி நிக்க வேண்டியதுதான? எவன் வந்து கேக்கறான்னு பாத்துருக்கலாம்!"

"பேசறதுக்கு நல்லாத்தான் இருக்கும். நாளைக்கு அவளுக்கு ஒரு தலவலின்னாலும், ஆத்தா வந்து நின்னா பாரு, அதான்னு சொல்லுவாங்க. எதுக்கு? அவ நல்லா இருக்கட்டும். நான் வீடியோவுல பாத்துக்கறன்."

அன்றிலிருந்து அது எனக்கு வெறும் வேலையாக இல்லை. ஆல்பத்தை அவர் பார்த்திருந்தார். அதில் எல்லோரும் பொம்மை மாதிரி கேமராவைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். உறவுக்காரர்கள் போனில் எடுத்ததிலும் முதுகுகளும் தூக்கிய கைகளும்தான் தெரிந்ததாம். முழுசாக இருந்தது ஒரே இடத்தில், என் கம்ப்யூட்டருக்குள். நான் வேறு பெரிய மனுஷி மாதிரி வாக்குக் கொடுத்துவிட்டேன். எடிட் முடிகிறவரைக்கும் காத்திருக்க வேண்டாம்; ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வாருங்கள், எடுத்தது எடுத்தபடி உட்காரவைத்துக் காட்டுகிறேன் என்று. பாலிஹவுஸில் லீவு சொல்லிவிட்டேன் என்று அவரும் சந்தோஷமாகச் சொன்னார்.

அந்த வாரம் பார்த்து இடி இறங்கியது. நிஜமான இடிதான். மழை, மின்னல், கரண்ட் ஏறி இறங்கி, என் கம்ப்யூட்டர் பொட்டென்று அணைந்தது. கடைக்காரர் திறந்து பார்த்து, "போர்டு போயிடுச்சு. டிஸ்க்குக்கு ஒண்ணும் ஆவல, தப்பிச்சீங்க" என்றார். உடனே ஸ்டூடியோவுக்குப் போன் போட்டு, உங்களிடம் இன்னொரு காப்பி இருக்கிறதா என்று கேட்டேன். "கார்டெல்லாம் அடுத்த முகூர்த்தத்துக்கே அழிச்சாச்சுக்கா. உங்ககிட்டதான் இருக்குதே, அப்பறம் என்ன?" என்று சாவகாசமாகச் சொன்னான் ஸ்டூடியோப் பையன். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு உலோகப் பெட்டி. அது போனால் எல்லாம் போச்சு.

புது கம்ப்யூட்டர் வாங்க நமக்கு வக்கில்லை. என் வீட்டுக்காரர் ஓசூரில் ஒரு கம்பெனியில் டூல் ரூம் ஃபிட்டர். அச்சுகளைத் தேய்த்து, துளைத்து, பொருத்துகிற வேலை. அவருடன் வேலை செய்கிற ஒருவர் அத்திப்பள்ளிக்காரர். ஆபீஸ்களில் ஓட்டிவிட்டுத் தள்ளுகிற கம்ப்யூட்டர்களை அவர் தம்பி வாங்கி விற்கிறாராம். என் வீட்டுக்காரர் போனில் கன்னடத்தில் நாலு வார்த்தை பேசி, "ஆய்த்து குரு, ஆய்த்து" என்று முடித்துவிட்டு, சனிக்கிழமை ஷிஃப்ட் விட்டு வரும்போது பைக்கில் கட்டிக்கொண்டு வந்து இறக்கினார். சின்னப் பெட்டி. அதற்குள் இருந்த டிஸ்க் கைக்குட்டை அளவு. ஒரு கல்யாணத்தில் பாதிகூட அதில் கொள்ளாது. அதனால் பழைய டிஸ்கை இதற்குள் இரண்டாவது டிஸ்காக மாட்டி, அதிலிருந்தே நேராக ஓட்டிக் காட்டுவது என்று முடிவு செய்தோம்.

ஞாயிற்றுக்கிழமை காலை இட்லியை விழுங்கிவிட்டு உட்கார்ந்தோம். பழைய பெட்டியிலிருந்து ஒயரைப் பிடுங்கினேன். ஒரு ஒயர் படம் போக, ஒன்று கரண்ட் போக. செருகுவதற்கு இடம் இருந்தது. டிஸ்கை ஒரு அட்டைத் துண்டின் மேல் வைத்து, மூடியைத் திறந்தபடியே சுவிட்சைப் போட்டேன். புது டிஸ்க் மட்டும் தெரிந்தது. பழையது இல்லை. அணைத்துப் போட்டேன். இல்லை. மறுபடி அணைத்துப் போட்டேன். இந்தத் தடவை திரையில் ஒரு பெட்டி எழும்பி, ஏதோ புது டிஸ்க் வந்திருக்கிறது, இதைப் புதிதாகத் தயார் செய்யட்டுமா என்று மரியாதையாகக் கேட்டது. தயார் செய்வது என்றால் துடைத்துப் போடுவது. அது தெரியாமல் என் வீட்டுக்காரர், "பாரு, கேக்குது, சரின்னு குடு" என்று மவுஸ் பக்கம் கையை நீட்டினார்.

"கைய வச்சீங்க, வெரல வெட்டிடுவன்!" என்று கத்திவிட்டேன். பக்கத்து வீட்டு மிக்ஸி நின்றது.

"ஏய், எதுக்குடி இப்பிடிக் கத்தற? கேட்டுச்சு, சொன்னன்."

"கேக்கறவனுக்கெல்லாம் சரின்னு சொல்லிட முடியுமா? தள்ளி உக்காருங்க."

வேண்டாம் என்று சொல்லி அந்தப் பெட்டியை மூடி, கம்ப்யூட்டரை அணைத்து, ஒயரை எடுத்துப் பார்த்தேன். முனையில் தூசி அப்பியிருந்தது. முந்தானையால் துடைத்து, முருகா முருகா என்று சொல்லிக்கொண்டு, டிக்கென்று சத்தம் கேட்கிறவரைக்கும் அழுத்திச் செருகினேன். சுவிட்சைப் போட்டேன். டிஸ்க் மெல்ல உறுமி, பிறகு ஒரே சீராகச் சுற்ற ஆரம்பித்தது. செட்டிங்ஸுக்குள் போய்ப் பார்த்தால், அது அங்கே பெயரில்லாமல் ஒரு மூலையில் நின்றுகொண்டிருந்தது. அதற்கு அடையாளமாக ஒரு எழுத்தைக் கொடுத்தேன். அவ்வளவுதான், என் ஃபோல்டர்கள் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. உத்தனப்பள்ளிக் கல்யாணம், முகூர்த்தம், ஒன்றாம் கேமரா, இரண்டாம் கேமரா. திறந்தேன். நாதஸ்வரம் அறை முழுக்க நிரம்பியது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது எனக்கு. அவர் என் முதுகில் ஒரு தட்டு தட்டி, "சாதிச்சுட்டடி!" என்றார். உடனே நிறுத்திவிட்டேன். மீதி அந்த அம்மா வந்து பார்க்கட்டும்.

அப்போதே போன் வந்தது. அந்த அம்மா பஸ் ஸ்டாண்டில் இறங்கிவிட்டார். வீடு தெரியாது. நான் ஸ்கூட்டி சாவியை எடுத்துக்கொண்டு, கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "மூடிய மூடி வச்சுடுங்க. அந்தம்மா உக்காரறப்ப கால் கீல் பட்டு ஒயர் புடுங்கிக்கப் போவுது. டிஸ்க்க ஆடாம வைங்க."

ஆடாம வைங்க. என் வாயால் சொன்னது அதுதான். வேறு எந்த வீட்டில், வேறு எந்தப் புருஷனிடம் சொல்லியிருந்தாலும், பக்கத்தில் ஒரு துணியைச் சுருட்டி வைத்திருப்பான், இல்லையென்றால் ரப்பர் பேண்ட் போட்டிருப்பான். இவர் டூல் ரூம்காரர். இறுக்கிப் பிடிக்காமல் எதையும் ஓட்டக்கூடாது என்பது இவருக்கு வேதம். பிடிப்பு இல்லாமல் ஓட்டி ஒருத்தன் விரல் போனதைக் கண்ணால் பார்த்தவர். எங்கள் வீட்டு கிரைண்டர், ஃபேன், சாமி படம் எல்லாமே நட்டு போட்டு முறுக்கப்பட்டவைதான். பூகம்பம் வந்தால் சுவர் விழும், சாமி படம் விழாது.

பஸ் ஸ்டாண்டில் அந்த அம்மாவைக் கண்டுபிடிக்கச் சிரமமே இல்லை. பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, தலை படிய வாரி, கல்யாண வீட்டுக்குப் போகிறவர் மாதிரி நின்றுகொண்டிருந்தார். மகள் கல்யாணத்துக்கு எடுத்த புடவையாம். சாமான் ரூமில் அதைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் என்று அவரே சொன்னார். கையில் ஒரு பையில் காகிதத்தில் சுற்றிய ரோஜாக்கள், எனக்காக. ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்து, என் தோளைப் பிடித்துக்கொண்டு, வழியெல்லாம் காதுக்குள் பேசிக்கொண்டே வந்தார்.

"மாப்ள கைல தாலிய யாரு எடுத்துக் குடுத்தாங்க? முன்னாடி யார் யாரு நின்னாங்க?"

"அதெல்லாம் நானு சொல்ல மாட்டன். நீங்களே பாக்கப் போறீங்க" என்றேன் சிரித்துக்கொண்டு.

வண்டியை நிறுத்திவிட்டு மாடிப்படி ஏறும்போது சத்தம் கேட்டது. ட்ரில் மெஷின் சத்தம். பக்கத்து வீட்டில் யாரோ அலமாரி மாட்டுகிறார்கள் என்று நினைத்தேன். பாதிப் படியில்தான் அது எங்கள் வீட்டிலிருந்து வருகிறது என்று உறைத்தது. அந்த அம்மாவை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன்.

தரையில் செய்தித்தாள் விரித்திருந்தது. அதன்மேல் டிஸ்க். பக்கத்தில் ட்ரில் மெஷின், என் வீட்டுக்காரருடைய டூல் டப்பா, என் தலைக்குத் தேய்க்கிற தேங்காயெண்ணெய் பாட்டில். அவர் குனிந்து, கன்னத்தை உப்பவைத்து, டிஸ்கின் விலாவில் இருந்த ஓட்டையில் ஃபூ ஃபூ என்று ஊதிக்கொண்டிருந்தார். பொடிப் பொடியாக வெள்ளி மாதிரி அலுமினியத் துகள் பறந்தது.

"என்ன பண்றீங்க?"

"முடிஞ்சுது முடிஞ்சுது. கடைசி ஓட்டை" என்றார் தலை நிமிராமல். "இதுக்குப் போடற ஸ்க்ரூ எல்லாம் இஞ்ச் கணக்கு. நம்மகிட்ட இருக்கறது பூரா எம்எம். சின்ன ஸ்க்ரூ போட்டா லொடலொடங்குது, பெரிய ஸ்க்ரூ ஏற மாட்டங்குது. அதான் ஓட்டைய கொஞ்சம் பெருசு பண்ணி, புதுசா மரை வெட்டிட்டன். எண்ண விட்டுத்தான் வெட்னன், சும்மா வெட்டல. இப்ப பாரு, எப்பிடி நிக்குதுன்னு."

நாலு ஓட்டை. நாலிலும் எண்ணெய் பளபளத்தது. ட்ரில் பிட்டில் எண்ணெயும் துகளும் எவ்வளவு உயரத்துக்கு ஒட்டியிருந்ததோ அவ்வளவு ஆழம் உள்ளே போயிருக்கிறது. இரும்பைத் துளைத்துப் பழகிய கை. டிஸ்கின் சுவர் எவ்வளவு கனம், அதற்கு அந்தப் பக்கம் என்ன சுற்றுகிறது என்று அதற்கு என்ன தெரியும்? நான் வாசற்படியிலேயே நின்றேன். அந்த அம்மா பின்னால் வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, "வரலாங்களா?" என்று கேட்டுக்கொண்டு உள்ளே வந்தார். என் வீட்டுக்காரர் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, "வாங்கம்மா வாங்க, ஒரு நிமிஷம், ரெடி ஆயிடுச்சு" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார்.

ஒருவேளை ஒன்றும் ஆகியிருக்காது என்று எனக்குள் ஒரு குரல் சொன்னது. மனசு எதைத்தான் நம்பாது! அவர் டிஸ்கைப் பெட்டிக்குள் வைத்து நாலு ஸ்க்ரூவையும் முறுக்கினார். விரலால் ஆட்டிக் காட்டினார். "அசையுதா பாரு." அசையவில்லை. மலை மாதிரி நின்றது. மூடியை மூடினார். அந்த அம்மா மேசையில் ரோஜாக்களை வைத்துவிட்டு, முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு, திரைக்கு நேராக நிமிர்ந்து உட்கார்ந்தார். நான் சுவிட்சைப் போட்டேன்.

முதலில் உறுமல். பிறகு கர் என்று ஒரு சத்தம். தேங்காய்த் துருவியில் கடைசிச் சில்லைத் துருவும்போது ஓடு தட்டுமே, அந்தச் சத்தம். கர், டக். கர், டக். டக். பிறகு நின்றுவிட்டது.

அணைத்துப் போட்டேன். கர், டக். திரையில் எழுத்தும் இல்லை, பெயரும் இல்லை. துடைக்கட்டுமா என்று கேட்ட அந்தப் பெட்டியாவது வராதா என்று தவித்தேன். அதுகூட வரவில்லை. முருகன், மாரியம்மன், ஞாபகம் வந்த சாமியையெல்லாம் கூப்பிட்டேன். ஒயரை மாற்றினேன், இடத்தை மாற்றினேன். ஸ்க்ரூவையெல்லாம் கழற்றி மறுபடி அந்த அட்டை மேலேயே வைத்துப் பார்த்தேன். கையில் தேங்காயெண்ணெய் வாசம். ஓட்டையைச் சாய்த்துத் தட்டினால் இன்னும் துகள் கொட்டியது. அடுத்த வாரம் பெங்களூருக்கு எடுத்துப்போய், செத்த டிஸ்கிலிருந்து எடுத்துத் தருகிறவர்களிடம் காட்டினோம். திறந்து பார்த்துவிட்டு, உள்ளே சுற்றுகிற தகடு பூராவும் கீறிவிட்டது, கடவுளே வந்தாலும் முடியாது என்று கைவிரித்துவிட்டார்கள். ஆனால் எனக்கு அந்த ஞாயிற்றுக்கிழமையே தெரியும்.

"உங்க கைல கட்டை மொளைக்க!" என்று கத்தினேன். வேற்று ஆள் உட்கார்ந்திருப்பதெல்லாம் மறந்துபோனது. "எவனாவது ஹார்ட் டிஸ்க்குல ட்ரில் போடுவானா? கடப்பாரைய எடுத்தாந்து ஒரே போடா போட்டுருக்கலாமே! ஒரு மணி நேரம் சும்மா இருக்க முடியாதா உங்களால? இருந்ததே அது ஒண்ணுதான்யா, ஒண்ணுதான்!"

"ஆடாம வைன்னு நீதான சொன்ன?"

"ஆடாம வைன்னா சாவடிக்கச் சொன்னனா?"

அவர் முகம் செத்துவிட்டது. திருப்பிக் கத்தியிருந்தால்கூடத் தேவலாம். டிஸ்கை எடுத்து ஓட்டைக்குள் பார்த்தார். சட்டைத் துணியால் துடைத்தார். "பிடிப்பு இல்லாம எப்பிடி ஓட்டறது..." என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அந்த அம்மா எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "கரண்ட் இல்லையா கண்ணு?"

பொய் சொல்லியிருக்கலாம். ரிப்பேர், அடுத்த வாரம் வாங்க என்று அனுப்பியிருக்கலாம். என் வீட்டுக்காரர் கண்ணாலேயே அதைத்தான் சொன்னார். ஆனால் அந்த அம்மா அடுத்த ஞாயிறும் அதே புடவையைக் கட்டிக்கொண்டு வந்து நிற்பார் என்று நினைத்தபோது என்னால் முடியவில்லை. அவர் காலடியில் உட்கார்ந்தேன்.

"போயிடுச்சும்மா. வீடியோ போயிடுச்சு. இனிமே வராது. வேற எங்கயும் இல்ல."

அந்த அம்மா திரையைப் பார்த்தார். அது சும்மா நீலமாக இருந்தது. திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவேண்டும் என்று ஆசைப்பட்டேன். அவரோ புடவைத் தலைப்பை எடுத்து மடியில் மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"எனக்குக் குடுப்பன இல்ல" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "நீ பாத்தியா?"

"எத?"

"தாலி கட்டறத. நீ பாத்துருக்கியா?"

"பாத்தன்மா. பல தடவ."

"அப்ப நீ சொல்லு."

கேட்டுவிட்டாரே. கண்ணை மூடிக்கொண்டேன். எடிட் செய்கிறவளுக்கு அது ஒரு வரம், சாபமும்கூட. எல்லாமே உள்ளே ஓடும். சொன்னேன். பெரியப்பா துண்டை இடுப்பில் கட்டியிருந்தார். தாலித் தட்டைச் சுற்றிக் கொண்டுவந்ததும் ஐயர் தாலியை எடுத்து மாப்பிள்ளை கையில் கொடுத்தார். மாப்பிள்ளைக்குக் கை நடுங்கியது, முதல் முடிச்சு நழுவியது, யாரோ தெலுங்கில் கிண்டல் செய்ய எல்லோரும் சிரித்தார்கள். மூன்றாவது முடிச்சை நாத்தனார் போட்டாள். அட்சதை மழை மாதிரி விழுந்தது, பெண்ணின் மூக்கில் ஒரு அரிசி ஒட்டிக்கொண்டது. அந்த அம்மா உதடு அசையக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அவ எப்பிடி இருந்தா? சிரிச்சாளா, அழுதாளா?"

"அவ திரும்பிட்டாம்மா."

"திரும்பிட்டாளா?"

"தாலி கட்டறப்ப. கேமராக்காரரு 'இங்க பாரும்மா, இங்க பாரும்மா'ன்னு கூப்புடறாரு. அவ பாக்கல. கழுத்துல கயிறு ஏறுது, அவ பின்னாடி திரும்பி எங்கயோ தேடறா."

எங்கள் தொழிலில் அது கழிவு. பெண் கேமராவைப் பார்க்காத இடம் வெட்டிப்போட வேண்டிய இடம். இரண்டாவது கேமராவிலிருந்து ஒரு துண்டை எடுத்து அங்கே ஒட்டிவிடுவோம். எத்தனையோ பெண்கள் யாரையாவது தேடித் திரும்புவார்கள், நானும் வெட்டிக்கொண்டேதான் இருப்பேன். யாரைத் தேடுகிறார்கள் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

"எந்தப் பக்கம் பாத்தா?"

"மேடைக்குப் பின்னாடி, இடது பக்கம். அங்க ஆளுங்க யாரும் இல்லம்மா. ஒரு பச்சக் கலர் கதவுதான் இருக்குது."

அந்த அம்மாவின் கை என் தோளில் இறங்கியது. "அது சாமான் ரூமு" என்றார்.

பிறகு அவர் குனிந்து என் முகத்தை உற்றுப் பார்த்தார். "எனக்காக சொல்றியா கண்ணு? என் மனசு ஆறணும்னு சொல்றியா?"

"ஐயோ, சத்தியமா இல்லம்மா! என் கண்ணால பாத்தன். இருந்தா இப்பவே காட்டிருப்பனே!" எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. காட்டுவதற்கு என்னிடம் என்ன இருக்கிறது? நாலு ஓட்டை போட்ட ஒரு பெட்டி. "வேணும்னா உங்க பொண்ணுக்குப் போன் போட்டுக் கேளுங்க. இப்பவே கேளுங்க."

அவர் பையிலிருந்து போனை எடுத்தார். கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தார். மறுபடி பைக்குள் போட்டுவிட்டார்.

"வேணாம். அப்பிடியெல்லாம் இல்லம்மா, சும்மா திரும்பினன்னு சொல்லிட்டான்னா? நான் என்ன பண்ணுவன்? நீ இன்னொரு தடவ சொல்லு."

மறுபடி சொன்னேன். மாப்பிள்ளை கை நடுங்கியதிலிருந்து. இந்தத் தடவை நடுவில் நிறுத்தி நிறுத்திக் கேட்டார். எவ்வளவு நேரம் பார்த்தாள்? கொஞ்ச நேரம்தான், பெரியம்மா அவள் கன்னத்தைப் பிடித்து முன்னால் திருப்பிவிட்டார். கண் கலங்கியிருந்ததா? கலங்கியிருந்தது. வாயைத் திறந்து ஏதாவது சொன்னாளா? தெரியவில்லை அம்மா, மேளச் சத்தம்.

"அந்தக் கதவு தெறந்திருந்துச்சா, சாத்தியிருந்துச்சா?"

யோசித்தேன். பச்சைப் பெயிண்ட், அதில் ஒட்டியிருந்த ஒரு பழைய காலண்டர், கைப்பிடியில் மாட்டியிருந்த ஒரு பை. தெளிவாகத் தெரிந்தது.

"சாத்தியிருந்துச்சும்மா."

அவர் தலையை ஆட்டினார். ஆட்டிக்கொண்டே இருந்தார்.

"நான்தான் சாத்தனன்" என்றார். "மேளம் கேட்டதும், எங்க என்னை அறியாம எட்டிப் பாத்துடுவனோன்னு, உள்ள தாப்பா போட்டுக்கிட்டன். தெறந்து வச்சிருந்தா அவ என்னைப் பாத்துருப்பா."